பனிச்சாலைக்கு முன்பணம்

ஹில்லார் பாதிப் பணத்தை
கிரீஸ் படிந்த உறையில் வைத்துக் கொடுத்தான்.
ஹியூமா தீவில், காய்னாவில், டயர் மாற்றுகிறவன்.
ஐம்பத்தாறுக்கு முப்பத்தெட்டு,
கடைச் சுவரில் காலண்டர் தொங்கிய இடத்துக்கு.
கடல் உறைந்த வருடத்தின் பனிச்சாலை வேண்டும்,
அதில் என் சிவப்பு மாஸ்க்விச் ஓட வேண்டும்
என்றான்.

எனக்குக் கார் வராது.
நாணல் வரும், ஈரமண் வரும்,
கொக்குகள் கிளம்பிப்போன அக்டோபர் வயலில்
மிஞ்சிக் கிடக்கும் மங்கல் மஞ்சள்
மூன்றே நிமிடத்தில் வரும்.
சக்கரம் வைத்த எதுவும்
என் தூரிகைக்கு ரொட்டித்துண்டுதான்.
சொன்னேன்.
ரொட்டியாவது சிவப்பாக இருக்கட்டும் என்றான்.

நானாகப் போய் உட்கார்ந்து வரைந்தால்
மழை வந்து கெடுத்தாலும் அது என் மழை.
காசு கைமாறிவிட்டால்
வானமே வாடிக்கையாளருடையது.
போன மாதம் ஒரு பல் மருத்துவர்
கலங்கரை விளக்கத்தை இடப்பக்கம் தள்ளச் சொன்னார்;
அவர் சோபா அங்கே இருக்கிறதாம்.
தள்ளினேன்.
கப்பல் எதுவும் தரைதட்டவில்லை.

ஹில்லார் தினமும் தகவல் அனுப்பினான்:
சாலையின் இரு ஓரமும் ஜூனிபர் கிளை நட்டிருக்கும், மறக்காதே.
இருபத்தைந்துக்குக் கீழே ஓட்ட வேண்டும்,
இல்லை நாற்பதுக்கு மேலே;
இரண்டுக்கும் நடுவில் போனால்
அடியில் அலை எழுந்து பனியை உடைத்துவிடும்.
சீட்பெல்ட் போடக் கூடாது.
இதையெல்லாம் எந்த நிறத்தில் கரைப்பது
என்று கேட்டேன்.
ஒரு மஞ்சள் கட்டைவிரலை அனுப்பினான்.

பிப்ரவரியில் ஹெல்டெர்மா துறைக்குப் போனேன்.
கடல் உறையவில்லை.
இந்த வருடமும் இல்லை.
சாம்பல் நீரைக் கிழித்துக்கொண்டு
கார்களை ஏற்றிய கப்பல் அலட்சியமாகப் போய்வந்தது.
காற்று மட்டும் மைனஸ் பதினொன்று.
தூரிகை கழுவும் நீர் உறையாதிருக்க
வோட்கா ஊற்றிக்கொள்வேன்,
தொழில் ரகசியம்,
கடைக்காரிக்கும் தெரியும்.
அன்று புட்டியில் மிச்சம் குறைவு.

மேலே சாம்பல்நீலம்.
கீழே உறைந்த கடலுக்கு
இருக்கிறதா இல்லையா என்ற அளவு அதே நீலம்.
நடுவில் சாலைக்கு ஒன்றுமில்லை.
வெள்ளைக் குழாய் என் பெட்டியில் கிடையாது,
வெள்ளை வேண்டிய இடத்தில்
கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கட்டிக்கொண்டிருந்தேன்.
காகிதத்தின்மேல் நீர்
நகர்வதை நிறுத்தியது.
ஓரத்திலிருந்து ஊசிகள் கிளம்பின,
நீலத்துக்குள் இறகு,
இறகுக்குள் பெரணி,
பெரணியின் முதுகில் ஒரு நீண்ட கீறல்.
கடல் செய்ய மறுத்ததை
ஐம்பத்தாறுக்கு முப்பத்தெட்டு
செய்துகொண்டிருந்தது.
தூரிகையை வாயில் கவ்வியபடி
பார்த்தேன். வோட்கா கசந்தது.

சூட்டில் உருகும். உருகினாலும்
நின்ற இடத்தின் தடத்தை நிறத்தில் விட்டுப்போகும்.
அவசரப்படுத்தினால் அதுவும் போகும்.
பின்னிருக்கையில் படுக்கவைத்து,
ஹீட்டர் போடாமல், கையுறை கழற்றாமல்
வீடுவரை ஓட்டினேன்,
ஐம்பதில்.

மறுநாள் உலர்ந்த தூரிகையால்
ஜூனிபர் கிளைகள், இருபத்தேழு.
பென்சிலில் ஒரு ரொட்டி வரைந்து
அழித்தேன்.

ஜாக்கியில் ஏற்றிய வேனுக்கு அடியிலிருந்து
ஹில்லார் எழுந்து வந்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
திருப்பித் தர முன்பணத்தை
எண்ணிக் கொண்டுபோயிருந்தேன்.
இந்த விரிசல் உனக்கு எப்படித் தெரியும்? என்றான்.
இங்கேதான் மல்லே
கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.
அக்கரை போய்ச் சேரும்வரை
ஒரு வார்த்தை பேசவில்லை.

கார்? என்றேன், நானே.

நான் உள்ளே இருந்தேனே.
வெளியே நின்று யார் பார்த்தது?

மீதிப் பணத்தோடு
நான்கு குளிர்கால டயரும் கிடைத்தன.
சட்டத்தில் பொருத்தும்போது
அவன் பெருவிரல்
வெற்றுச் சாலையில்,
மூன்றாம் கிளைக்கும் நான்காம் கிளைக்கும் நடுவே
அழுந்திவிட்டது.
கிரீஸ். துடைத்தால் பரவும்.
இருவரும் குனிந்து பார்த்தோம்.
சிவப்பில்லை. சக்கரமுமில்லை.
நாற்பதுக்கு மேலேதான் போகிறது
என்றான்.